நடுச்சுவரில் ஓதம்: சாட்ஸ்வொர்த் வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்குத் தென்மேற்கே இருக்கும் சாட்ஸ்வொர்த், குடியிருப்பை இனவாரியாகப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தால் இடம்பெயர்க்கப்பட்ட இந்தியக் குடும்பங்களுக்காக 1960களில் எழுப்பப்பட்ட ஊர். கேட்டோ மேனரிலிருந்தும், நகராட்சித் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த மேகசின் பேரக்ஸிலிருந்தும் வந்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் இங்கே நிறைய. நகராட்சி கட்டிக் கொடுத்த வீடுகளில் பல இரட்டை வீடுகள். ஒரே கூரை, நடுவில் ஒரே சுவர், அதற்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம்.

இந்த ஆய்வு அப்படிப்பட்ட ஓர் இரட்டை வீட்டைப் பற்றியது. ஒரு பாதியில் எண்பது வயதைத் தாண்டிய ஆயா, அவருடைய மகன், மருமகள், பள்ளிக்குப் போகும் பேரன். மறு பாதியில் வாடகைக்கு இருக்கும் ஓர் இளம் குடும்பம். அந்தப் பாதியின் சொந்தக்காரர் நகரின் இன்னொரு பகுதியான ஃபீனிக்ஸில் வசிக்கிறார். இரண்டு பாதிகளுக்கும் தனித்தனித் தண்ணீர் மீட்டர், தனித்தனி மின்சார மீட்டர்.

சுவர் உள்ளீடற்ற சிமெண்ட் பிளாக்கால் கட்டி, இருபுறமும் பூசியது. கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் தகடு. வீட்டுக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய்களில் பெரும்பகுதி கட்டிய காலத்து ஜிஐ குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். ஆயா வீட்டுச் சாப்பாட்டு அறையின் நடுச்சுவரில்தான் சாமி மாடம். விளக்கு, படங்கள், கீழே ஒரு சின்ன மர அலமாரி. அந்தச் சுவருக்கு மறுபுறம் பக்கத்து வீட்டுச் சமையலறை. அங்கே தரையிலிருந்து கண்ணுயரம் வரை வழவழப்பான டைல்ஸ் ஒட்டியிருந்தது. டைல்ஸ் விஷயம் பின்னால் முக்கியமாகும்.

நான் டர்பனில் கட்டடப் பழுது வேலைகளை மேற்பார்வை செய்கிறவன். கோயில் பழக்கத்தின் வழியாக இந்தக் குடும்பம் என்னைக் கூப்பிட்டது 2023 ஜூலையில்.

முதலில் தெரிந்தவை

2022 அக்டோபரில் மாடத்துக்குக் கீழே, தரையை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருமை. பெயிண்ட் உப்பிக்கொண்டு வந்தது. மருமகள் துடைத்துப் பார்த்தார், திரும்ப வந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் அது அலமாரியின் அகலம் முழுதும் பரவிவிட்டது. அலமாரியின் முதுகுப் பலகையில் பூஞ்சை பிடித்தது. வெள்ளை உப்பு பூத்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது.

குடும்பம் இதற்குச் சொன்ன காரணம் வெள்ளம். 2022 ஏப்ரலில் டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் பெய்த மழையையும், அதில் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனதையும் இங்கே யாரும் மறக்கவில்லை. இந்த வீட்டிலும் அப்போது பின்வாசல் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் வந்திருந்தது. அதற்கப்புறம் எந்தச் சுவரில் ஈரம் கண்டாலும் வெள்ளத்தின் மேல் பழி போடுவது இந்தப் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆனால் ஏப்ரலில் நனைந்த சுவர் அக்டோபரில் முதன்முதலாகக் கறுக்காது. நடுவில் டர்பனின் வறண்ட குளிர்காலம் முழுதும் கடந்துபோயிருந்தது.

இன்னொரு அறிகுறியும் இருந்தது, அதை யாரும் சுவரோடு சேர்த்துப் பார்க்கவில்லை. வீட்டு மின் இணைப்புகள் பிரியும் டிபி போர்டில், மின்கசிவு கண்டால் மின்சாரத்தை நிறுத்தும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் அடிக்கடி விழுந்தது. பழைய ஃப்ரிட்ஜ்தான் காரணம் என்று நினைத்து அதைத் தள்ளி வைத்திருந்தார்கள்.

முதல் பழுதுபார்ப்பும் அதன் பலனும்

2023 ஜனவரியில் ஒரு கான்ட்ராக்டர் வந்தார். ஈரம் தரையை ஒட்டியிருப்பதைப் பார்த்ததும், மண்ணிலிருந்து ஏறும் ஓதம் என்று முடிவு செய்தார். சுவரின் அடியில் வரிசையாகத் துளை போட்டு ரசாயனம் செலுத்தினார். இடுப்புக்குச் சற்று மேல் வரை பழைய பூச்சைக் கொத்திவிட்டு, நீர்புகாத சிமெண்ட் கலவை பூசி, அதன்மேல் டாம்ப்-புரூஃப் பெயிண்ட் அடித்தார். ஆயாவின் முதியோர் மானியத்தில் நான்கு மாதத்துப் பணம் அதற்குப் போனது.

மார்ச்சில் புதுப் பூச்சு முடியும் கோட்டுக்கு மேலே, முன்பு சுத்தமாக இருந்த இடத்தில், ஈரம் வெளிப்பட்டது. இப்போது விளக்குக்குப் பின்னாலேயே. சாமி படங்களின் பின்னட்டை நெளிந்தது. மறுபடி கூப்பிட்டபோது, அப்படியானால் கூரைதான் ஒழுகுகிறது, பிரஷர் வாஷ் அடித்துக் கழுவி சீலர் பூசலாம் என்று அவர் சொன்னார்.

அந்த வேலை நடக்காமல் நின்றது நல்லது. ஆஸ்பெஸ்டாஸ் பயன்பாட்டைத் தென்னாப்பிரிக்கா 2008இல் தடை செய்தது. ஏற்கெனவே போட்ட கூரைகள் அப்படியே இருக்கின்றன. உடையாமல், தொந்தரவு இல்லாமல் இருக்கும் தகட்டால் ஆபத்து குறைவு. துளை போடுவதும், உரசுவதும், வேகமான தண்ணீரால் அடிப்பதும்தான் அதன் நார்த் துகள்களை வெளியே கிளப்பும். அந்த நார் நுரையீரலுக்குப் போனால் அதன் விளைவு பல பத்தாண்டுகள் கழித்துத் தெரியும். 2020ஆம் ஆண்டின் விதிகளின்படி இந்த வகைத் தகட்டில் இப்படிப்பட்ட வேலை செய்யப் பதிவு பெற்றவர்கள் வேண்டும். ஒரு சுவர்க் கறைக்காக இதைத் தொடுவது சரியல்ல என்று நான் நினைக்கிறேன், அதுவும் கூரைதான் காரணம் என்று யாரும் நிரூபிக்காதபோது.

ஆயா சொன்னது

அந்த வீட்டில் சரளமாகத் தமிழ் பேசுகிறவர்கள் ஆயாவும் மருமகளும்தான். கான்ட்ராக்டர் பேசியதெல்லாம் மகனோடு, அதுவும் பெரும்பாலும் போனில். மகன் காலையில் வேலைக்குப் போய் இரவு திரும்புகிறவர். அந்தச் சுவருக்கு எதிரில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் கேட்டது ஒன்றுதான்: "ஆயா, இது எப்பல்லாம் கூடுது, எப்ப குறையுது?"

அவர் மூன்று விஷயம் சொன்னார். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஈரம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஆடி மாதக் கஞ்சிப் பூஜைக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறார்கள், பல வாரமாகச் சொட்டு மழை இல்லை, சுவர் காயவில்லை. அடுத்தது, நகராட்சித் தண்ணீர் இரண்டு நாள் வராமல் இருந்த ஒரு சமயத்தில் சுவரின் பளபளப்பு போய் மங்கிவிட்டது, தண்ணீர் திரும்ப வந்ததும் பளபளப்பும் வந்தது. மூன்றாவதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்: "தம்பி, இந்தக் குளிர்ல மத்த சுவரெல்லாம் சில்லுன்னு இருக்கு. இங்க மட்டும் கைய வச்சா சில்லுன்னு இல்ல. அதனாலதான் இங்கயே உக்காந்துக்குறேன்."

தொட்டுப் பார்த்தேன். மாடத்துக்கு வலப்பக்கம், ஏறத்தாழ இடுப்புயரத்தில், சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. ஜூலை இரவுகளில் டர்பனில் வெப்பநிலை பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கும். அந்தக் காலத்தில் வீட்டின் நடுச்சுவர் ஒன்று தானாக வெதுவெதுப்பாக இருக்காது.

மழையோடு சேராத ஈரம், நகராட்சித் தண்ணீரோடு ஏறி இறங்கும் ஈரம், சூடான ஈரம். அழுத்தத்தில் ஓடும் வெந்நீர்க் குழாயைத் தவிர இந்த மூன்றுக்கும் ஒன்றாகப் பொருந்தும் காரணம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஆயா வீட்டில் அந்தச் சுவரில் வெந்நீர்க் குழாயே கிடையாது.

முதல் நாளே செய்தவை

காரணம் தேடுவதற்கு முன்னால் இரண்டு வேலை. மாடத்துக்குப் பக்கத்தில் அந்த நடுச்சுவரிலேயே ஒரு பிளக் பாயின்ட் இருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து அதைத் திறந்தபோது பெட்டிக்குள் நீர்த்துளியும் பச்சை பூத்த செம்புக் கம்பியும். எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழுந்ததற்கு விடை அங்கேயே கிடைத்தது. 30 மில்லியாம்பியர் கசிந்தால் மின்சாரத்தைத் துண்டிப்பது அதன் வேலை, அதைத்தான் அது மாதக்கணக்கில் செய்துகொண்டிருந்தது. அந்த இணைப்பை டிபி போர்டிலேயே பிரித்து வைத்தோம். சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று எரிச்சல்பட்டு யாராவது அதைத் தவிர்த்து நேரடியாக மின்சாரத்தை இணைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே விரும்பவில்லை.

அடுத்தது பேரன். அவனுக்கு மூச்சிளைப்பு உண்டு, மருந்தை உள்ளிழுக்கும் பம்ப் வைத்திருக்கிறான். அந்த அறையில்தான் வீட்டுப்பாடம் எழுதுவான். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் சுவாசத் தொல்லையும் கூடுவதை உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மேசையை வேறு அறைக்கு மாற்றினோம். மாடத்தையும் மாற்ற வேண்டும் என்றபோது ஆயா தயங்கினார். நாற்பது வருடமாக விளக்கு எரிந்த இடம். ஆடிக் கஞ்சி முடிந்ததும் அவரே நல்ல நாள் பார்த்து முன்னறைக்கு எடுத்துப்போனார். அதுவரை காத்திருந்ததில் தவறில்லை என்பது என் எண்ணம். வீட்டுக்காரரின் மனம் ஒப்பாமல் உடைக்கும் சுவர் பிறகு எல்லா முடிவிலும் தகராறாக வந்து நிற்கும்.

சோதனைகள்

முதலில் ஆயா வீட்டு மீட்டர். இரவு எல்லாக் குழாயையும் மூடி, கழிவறைத் தொட்டியின் வால்வையும் அடைத்து, மீட்டரைப் போட்டோ எடுத்தோம். காலையில் யாரும் தண்ணீர் தொடுவதற்கு முன் மறுபடி போட்டோ. எண் நகரவில்லை. ஆக, இவர்கள் வீட்டு அழுத்தக் குழாயில் கசிவு இல்லை.

பிறகு சுவரில் இரண்டு இடத்தில் தெளிவான பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப்பால் இறுக்கி ஒட்டி இரண்டு நாள் விட்டோம். அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்து படிவதாக இருந்தால் தாளின் வெளிப்பக்கம் நனையும். சுவருக்குள்ளிருந்து ஈரம் வந்தால் சுவரைப் பார்த்த பக்கம் நனையும். இரண்டு தாளிலும் சுவர்ப் பக்கம்தான் முத்து முத்தாக நீர்.

ஈரமானி வைத்தும் பார்த்தேன். ஊசி வைத்த அந்தக் கருவி மரத்துக்கென்று அளவு செய்யப்பட்டது. உப்பு பூத்த பூச்சில் அது காட்டும் எண்ணை நேராக நம்பக் கூடாது. அதே வீட்டின் காய்ந்த சுவரோடு ஒப்பிடவும், வாரா வாரம் அதே புள்ளியில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கவும் மட்டும்தான் பயன்படுத்தினேன்.

பக்கத்து வீடு

இந்த இடத்தில் பல வேலைகள் சண்டையாக முடிந்து நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். "உங்க வீட்டுத் தண்ணி எங்க சுவர்ல வருது" என்று ஆரம்பித்தால், எதிரில் இருப்பவர் முதலில் செய்வது மறுப்பதுதான். ஆகவே நாங்கள் கேட்டது மீட்டரைப் பார்க்கலாமா என்று மட்டும். ஆயாவே என்னோடு வந்தார். "தம்பி, ஒரு மணி நேரம் தண்ணி புழங்காம இருக்க முடியுமா? எங்க சுவர் காயவே மாட்டேங்குது," என்றார். வாடகைக்காரர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். அவர்கள் பக்கம் டைல்ஸ் காய்ந்துதான் இருந்தது, அவர்களுக்கு எந்தத் தொல்லையும் தெரியவில்லை.

எல்லாம் மூடிய பின்னும் மீட்டரின் சிறிய சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரத்தில் 5 லிட்டர். கீஸருக்குள் தண்ணீர் போகும் வால்வை அடைத்தோம், சக்கரம் நின்றது. திறந்தோம், சுற்றியது. கீஸரின் பாதுகாப்பு வால்விலிருந்து வெளியே வரும் குழாயில் சொட்டு இல்லை. கழிவுக் குழாயையும் விட்டுவிடாமல், தொட்டியில் சாயத் தண்ணீர் நிரப்பித் திறந்துவிட்டுப் பார்த்தோம். எங்கள் பக்கம் நிறம் வரவில்லை. மிச்சமிருந்தது கீஸரிலிருந்து சமையலறைக்கு நடுச்சுவருக்குள் இறங்கும் வெந்நீர்க் குழாய். வெப்பம் காட்டும் கேமரா ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தபோது, கூரைக்கடியிலிருந்து இடுப்புயரம் வரை ஒரு சூடான கோடு, அதன் முடிவில் அகன்ற ஒரு திட்டு. ஆயா கை வைத்த அதே இடம்.

ஒரு மணிக்கு 5 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 120, மாதத்துக்கு 3,600 லிட்டர், அதாவது 3.6 கிலோலிட்டர். ஒரு குடும்பத்தின் பில்லில் இது பளிச்சென்று தெரியாது. ஆனால் அது சுடவைத்த தண்ணீர். 5 லிட்டரை 40 டிகிரி சூடாக்க ஏறக்குறைய 0.23 யூனிட் மின்சாரம் வேண்டும். நாளைக்கு ஐந்தரை யூனிட், மாதத்துக்கு 165 யூனிட். இதைச் சொன்னதும் வாடகைக்காரரின் மனைவி, ப்ரீபெய்டு யூனிட் போட்டால் நிற்கவே இல்லை, ஜூலையில் கட்டணம் உயர்ந்ததால் என்று நினைத்தோம் என்றார்.

எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் உறுத்தியது இதுதான். தண்ணீர் பில் ஃபீனிக்ஸில் இருக்கும் சொந்தக்காரருக்குப் போகிறது. மின்சாரச் செலவு வாடகைக்காரரின் தலையில். ஈரம் ஆயாவின் சுவரில். ஒரே கசிவின் மூன்று அடையாளங்கள் மூன்று வீடுகளில் சிதறிக் கிடந்தன. மூன்று பேரும் தத்தம் துண்டுக்குத் தனித்தனிக் காரணம் வைத்திருந்தார்கள்: கட்டண உயர்வு, வெள்ளம், பழைய வீடு.

சொந்தக்காரர் முதலில் மழைத் தண்ணீர் என்றுதான் சொன்னார். வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம் என்று ஆயாவின் மகன் யோசித்தார். அதை நிறுத்தி வைக்கச் சொன்னேன். வால்வு திறந்தபோதும் மூடியபோதும் எடுத்த மீட்டர் படங்கள், கேமரா படம், மேலே சொன்ன கணக்கு, எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினோம். யார் குற்றம் என்று அதில் ஒரு வரியும் இல்லை. ஒரு வாரத்துக்குள் பிளம்பரை அனுப்ப ஒத்துக்கொண்டார்.

ஏன் கசிந்தது, ஏன் அப்படித் தெரிந்தது

ஆயா பக்கம் பூச்சு எப்படியும் எடுக்க வேண்டியதுதான் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்தே சுவரைத் திறந்தோம். சூடான திட்டு இருந்த இடத்தில் ஒரு ஜிஐ எல்போ, அதாவது குழாய் திரும்பும் வளைவு இணைப்பு. மரை வெட்டிய இடத்தில் குழாயின் கனம் எப்போதும் குறைவு, அங்கேதான் துரு தின்றிருந்தது. ஊசித் துளையிலிருந்து தண்ணீர் பனிபோல் பீச்சியது.

அறுபது வருடம் தாக்குப்பிடித்த குழாய் இப்போது ஏன் போனது? 2021இல் அந்த வீட்டில் கீஸரை மாற்றியிருந்தார்கள். பழையது 100 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் வேலை செய்தது. புதியதன் அழுத்த வால்வில் 400 என்று பொறித்திருந்தது. வயதான இரும்புக் குழாய் திடீரென்று நான்கு மடங்கு அழுத்தத்தைத் தாங்க வேண்டியதாயிற்று. அதோடு, புதுக் கீஸரிலிருந்து வரும் குழாய் செம்பு. அதை நேராக ஜிஐ குழாயில் இணைத்திருந்தார்கள். தண்ணீர் செம்பைத் தாண்டி இரும்புக்கு வரும்போது நுண்ணளவில் செம்பையும் கொண்டுவரும். அது துத்தநாகப் பூச்சையும் பிறகு இரும்பையும் அரிக்கும். தண்ணீர் சூடாக இருந்தால் அரிப்பு இன்னும் வேகம். செம்புக்கு அப்புறம் ஜிஐ வரக் கூடாது என்பது பிளம்பர்களுக்குப் பழைய பாடம். கீஸரை மட்டும் மாற்றிவிட்டுக் குழாயை விட்டுவைப்பதில் செலவு மிச்சமாவதால் அந்தப் பாடம் அடிக்கடி மறக்கப்படுகிறது.

கசிவு இடுப்புயரத்தில் இருக்க, ஈரம் ஏன் தரையருகே முதலில் வந்தது? பிளாக்கின் உள்ளே வெற்றிடம். தண்ணீர் அதன் வழியே நேராகக் கீழே இறங்கி அடி வரிசையில் தேங்கியது. மறுபக்கம் டைல்ஸ், அங்கே வெளியேற வழியில்லை. ஆகவே எல்லா ஈரமும் ஆயா பக்கம் கசிந்தது, பார்ப்பதற்கு மண்ணிலிருந்து ஏறிய ஓதம் மாதிரியே. கான்ட்ராக்டர் அந்தப் பக்கத்தையும் நீர்புகாத கலவையால் அடைத்தார். அதற்குமேல் சுவருக்கு மூச்சுவிட இருந்த ஒரே இடம் பூச்சுக் கோட்டுக்கு மேலே, விளக்குக்குப் பின்னால். மண்ணிலிருந்து ஏறும் ஓதம் பொதுவாக ஒரு மீட்டருக்கு மேல் போகாது என்பதும், அது ஓர் இடத்தில் மட்டும் குவியாமல் சுவர் நெடுக வரும் என்பதும் அப்போதே கவனிக்கப்பட்டிருக்க வேண்டிய அடையாளங்கள்.

எடுத்த முடிவுகள்

எல்போவை மட்டும் மாற்றுவது மலிவு. ஆனால் அதே வயதுக் குழாய், அதே செம்பு, அதே அழுத்தம். அடுத்த துளை ஓரடி தள்ளி வரும். பக்கத்து வீட்டு டைல்ஸை உடைத்துப் புதுக் குழாயைச் சுவருக்குள் புதைப்பது இன்னொரு வழி. அதையும் விட்டோம். சுவருக்குள் இருந்த வெந்நீர்க் குழாயை இரண்டு முனையிலும் துண்டித்து அடைத்தாயிற்று. கீஸரிலிருந்து புதுச் செம்புக் குழாயை, வெப்பக் காப்புறை சுற்றி, சமையலறைச் சுவரின் வெளிமுகத்திலேயே கொண்டுவந்து அலமாரிக்குள் இறக்கினார் பிளம்பர். கண்ணுக்கு அழகாக இல்லை என்று சொந்தக்காரர் குறைப்பட்டார். இனி ஒழுகினால் அன்றைக்கே தெரியும் என்று வாடகைக்காரர் சொன்னதும் ஒத்துக்கொண்டார்.

ஆயா பக்கம் நீர்புகாத பூச்சு முழுவதையும், ஈரம் தெரிந்த உச்சக் கோட்டுக்கு மேல் ஓரடி வரை, கொத்தி எடுத்தோம். 1960களின் பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அதனால் உலர்ந்த நிலையில் தேய்க்காமல், தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்டி, தூள் பறக்காமல் பையில் கட்டினோம். பேரன் அந்த நாள்களில் அத்தை வீட்டில். பூஞ்சை பிடித்த பலகையையும் படங்களின் பின்னட்டைகளையும் தூக்கிப் போட்டோம். படங்களின் கண்ணாடியையும் சட்டத்தையும் சோப்புத் தண்ணீரால் துடைத்துக் காயவைத்து, புது அட்டை வைத்து ஆயாவிடம் கொடுத்தார் மருமகள்.

செலவில் குழாய் வேலை சொந்தக்காரருடையது. பூச்சு வேலைக்கும் அவர் பாதி கொடுத்தார். ஆயா வீட்டுக்கு இன்சூரன்ஸ் இல்லை. இருந்திருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது. திடீரென்று வெடித்த குழாய்க்குப் பணம் தருவார்கள், மெல்ல மெல்லக் கசிந்ததற்குப் பெரும்பாலும் தருவதில்லை.

காயவைத்த காலம்

குழாய் ஒரு நாளில் முடிந்தது. சுவர் காய ஒன்பது மாதம் ஆனது. இதை முன்கூட்டியே சொல்லிப் புரியவைப்பதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி.

ஊறிய சுவர் ஓர் அங்குலக் கனம் காய ஒரு மாதம் என்று கட்டடக்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். தோராயக் கணக்குதான். மறுபக்கம் டைல்ஸ் என்பதால் இந்தச் சுவருக்குக் காய ஒரே முகம். ஆகஸ்டில் திறந்தோம், செப்டம்பர் கடைசியில் வசந்த மழை ஆரம்பித்தது. டர்பனின் கோடையில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும். மின்விசிறி ஒன்றைச் சுவரோரமாக ஓடவிட்டோம். அந்த வருடம் மின்வெட்டு அதிகம், ஒரு நாளில் பல மணி நேரம் அது நின்றே இருந்தது. காய்ந்த நாள்களில் ஜன்னலைத் திறந்தும் மழை நாள்களில் மூடியும் வைக்கச் சொன்னதுதான் அதிகம் உதவியது.

புரட்டாசி விரதம் பூச்சில்லாத அந்தத் திறந்த சுவரோடுதான் கழிந்தது. தீபாவளி நெருங்கியதும் மகன் பூசி பெயிண்ட் அடித்துவிடலாம் என்றார். விருந்தாளிகள் வருவார்கள், அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் ஈரமானி காய்ந்த சுவரைவிட இன்னும் இரு மடங்குக்கு மேல் காட்டியது. இப்போது மூடினால் ஜனவரிப் பூச்சின் கதைதான் மறுபடி நடக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி எடுத்தோம்: பூச்சில்லாத சுவரின் மேல் வெறும் சுண்ணாம்பு. அது வெள்ளையாக்கும், ஈரத்தை வெளியேவும் விடும். ஆயாவுக்கு அது பிடித்துவிட்டது, சின்ன வயதில் பேரக்ஸ் வீட்டில் அப்படித்தான் அடிப்பார்களாம்.

2024 பிப்ரவரி வரை எண் மெல்ல இறங்கியது, மார்ச் மழையில் அப்படியே நின்றது, ஏப்ரலில் மறுபடி இறங்கியது. மே மாதம் காய்ந்த சுவரின் அளவுக்கு வந்த பிறகும் பிளாஸ்டிக் தாளை ஒட்டி இரண்டு நாள் பார்த்தோம். இந்த முறை நீர் இல்லை. சிமெண்ட் ஒரு பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் ஆறு பங்கு என்ற கலவையில் பூசினோம். ஒரு மாதம் விட்டு, ஈரம் வெளியேற விடும் மங்கல் பெயிண்ட். புது ஒயர் போட்டு, பிளக் பாயின்டை வேறு சுவருக்கு மாற்றி, எலக்ட்ரீஷியன் சான்றிதழ் கொடுத்தார்.

விளைவு

அடுத்த கோடை மழைக்காலம் முழுதும் சுவரில் கறை வரவில்லை. எர்த் லீக்கேஜ் சுவிட்ச் காரணமில்லாமல் விழுவதில்லை. ஃப்ரிட்ஜ் பழைய இடத்துக்கு வந்தது. பக்கத்து வீட்டில் யூனிட் செலவு முதல் மாதத்திலேயே கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. பேரனுக்கு இருமல் குறைந்ததாக மருமகள் சொல்கிறார். அறை மாறியதும், பூஞ்சை போனதும், அவன் ஒரு வயது கூடியதும் ஒன்றாக நடந்தவை, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. விளக்கு பழைய மாடத்துக்குத் திரும்பவில்லை. முன்னறையில் காலை வெயில் படுகிறது, அங்கேயே இருக்கட்டும் என்று ஆயா சொல்லிவிட்டார்.

தீராத விஷயம் ஒன்று இருக்கிறது. ஆயா வீட்டு ஜிஐ குழாய்களும் அதே வயதுதான். அவற்றை மாற்றப் பணம் இன்னும் சேரவில்லை. அதுவரை அங்கே யாரும் புதுக் கீஸரைச் செம்புக் குழாயோடு கொண்டுவந்து இணைத்துவிடக் கூடாது என்று மகனிடம் எழுதியே கொடுத்திருக்கிறேன்.

அடுத்த வேலைகளில் மாற்றியவை

இரட்டை வீட்டில் நடுச்சுவர் ஈரம் என்று கூப்பிட்டால், இப்போது முதல் நாளே இரண்டு வீட்டு மீட்டரையும் பார்க்கக் கேட்கிறேன். இரண்டு வீட்டிலும் கடைசி ஐந்து வருடத்தில் என்ன மாற்றினார்கள் என்றும் கேட்கிறேன்: கீஸர், சமையலறை, குளியலறை. சுவரைப் பார்ப்பதற்கு முன்பே பாதி விடை அதில் கிடைத்துவிடுகிறது.

எலக்ட்ரீஷியனை எனக்கு முன்னால் வரச் சொல்கிறேன். பகலில் வீட்டில் இருப்பவர் யாரோ அவரிடம் உட்கார்ந்து பேசுகிறேன், அவருக்கு எந்த மொழி வசதியோ அந்த மொழியில். காயும் காலத்தை வேலை தொடங்கும் முன்பே தாளில் எழுதி, எந்தப் பண்டிகை அதற்குள் வருகிறது என்பதையும் குறித்துக் கொடுக்கிறேன்.

வாடகை வீடாக இருந்தால், மாதத் தண்ணீர் பில்லின் படத்தை வாடகைக்காரருக்கும் அனுப்பச் சொல்லிச் சொந்தக்காரரிடம் கேட்டுக்கொள்கிறேன். இந்த வீட்டின் சொந்தக்காரர் இப்போது ஒவ்வொரு மாதமும் அனுப்புகிறார்.